கொறங்காட்டுக்குக் கிடைத்த சுவர்

1. மேசைமேல் சுவிட்சர்லாந்து

நான் உள்ளே போனபோது சேர்மனின் மேசைமேல் சுவிட்சர்லாந்து விரித்துக் கிடந்தது. பனி மூடிய மலை, கீழே ஏரி, ஏரியில் ஒரு சிவப்புப் படகு. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்கிற படம். பேக்கரி, பல் ஆஸ்பத்திரி, டிராவல்ஸ் ஆபீஸ் என்று கோயம்புத்தூரில் அந்தப் படகு போகாத இடமில்லை.

காங்கேயம் ரோட்டில் புதிதாக ஒரு கண் ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுகிறவர் ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளி. அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். எல்லாரும் அவரைச் சேர்மன் என்றுதான் சொல்வார்கள். புரோஷருக்காக மெஷின்களைப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் நுழைந்ததும் எதிரே ஒரு சுவர், வெள்ளைப் பட்டி பூசி, முப்பது அடி அகலத்துக்குக் காலியாக நின்றது. அதைப் பார்த்த நிமிஷமே எனக்கு மெஷின் எல்லாம் மறந்துபோனது.

"அந்தச் செவுத்துக்குத்தானுங்க இது" என்று சேர்மன் படகைத் தட்டிக் காட்டினார். "கண் ஆபரேசன் பண்ணிப்போட்டு வாரவங்க மொதல்ல பாக்கறது குளுகுளுனு இருக்கோணுமுங்கல்ல?"

"ஏனுங்க, அதுக்கு உங்க ஊர்க் காட்டையே எடுத்துத் தாரேனுங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது.

அவர் சிரித்துவிட்டார். "நம்மூர்ல என்னத்துங் அம்மணி இருக்குது? முள்ளுங் கல்லுந்தானுங்க. அதப் பாக்கறதுக்கா கண் ஆபரேசன் பண்ணிக்குவாங்க?"

அறையில் இருந்த என்ஜினியர், டிசைனர் எல்லாரும் கூடச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் மனுஷர் நல்லவர். சிரித்து முடித்ததும், "செரிங்க, திறப்பு விழா வைகாசியில. அதுக்குள்ளார கொண்டாந்து காட்டுங்க. எனக்குப் புடிச்சா உங்க படம். இல்லீன்னா படகு ஏறீரும்" என்றார்.

2. மோட்டாருக்கு லைட் அடித்தவள்

அந்தச் சுவர் எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் போத்தனூர். பேர் ஸ்டெல்லா. கோயம்புத்தூர்க் கம்பெனிகளின் கேட்டலாக்குகளுக்குப் பம்ப்செட், மோட்டார், வெட் கிரைண்டர் படம் எடுத்தே என் வயசு போனது. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கேமரா பையோடு என்னிடம் வரும் பிள்ளைகள், "மேடம், மோட்டார்ல என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கொஞ்சம் ஏளனமாகவே கேட்பார்கள். எல்லாவற்றையும் அதில்தான் கற்றுக்கொண்டேன். மோட்டாருக்கு நேர் எதிரே லைட் அடித்தால் அது வெறும் தகரப் பெட்டி. பக்கவாட்டில் அடித்தால்தான் உடம்பில் இருக்கும் வரிகள் ஒவ்வொன்றாக எழும்பும், கனம் தெரியும். நிலத்துக்கும் அதே சங்கதிதான். உச்சி வெயிலில் காங்கேயம் தகரப் பெட்டி. பொழுது சாயும்போது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மதுக்கரைச் சுண்ணாம்புக் குழிகள், பல்லடம் பக்கத்துக் காற்றாலைக் காடு, தாராபுரம் ரோட்டுப் பொட்டல். எடுத்ததைக் காட்டினால், "நல்லாருக்குங்க, ஆனா இதுல என்னங்க இருக்குது?" என்பார்கள். ஒரு கம்பெனி காலண்டருக்குக் கேட்டார்களே என்று ஆசையாகக் கொடுத்தேன். பொட்டலுக்கு மேலே ஒரு நீர்வீழ்ச்சியை ஒட்டி அச்சடித்துவிட்டார்கள்.

இந்த நிலத்தை ஒரு தரமாவது ஆள் உயரத்துக்குச் சுவரில் ஏற்றிவிட வேண்டும். அது மட்டும்தான் என் ஆசை. அதற்கு இப்போது ஒரு சுவர் இருந்தது, குறுக்கே ஒரு படகும் இருந்தது.

3. ரெண்டு தலை மரம்

எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கொறங்காடுதான். மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த மானாவாரிக் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே குடை பிடித்த மாதிரி வெள்வேல மரம். உலகத்தில் வேறெங்கும் நிலம் இப்படி வேலி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்வேன்.

காங்கேயத்துக்கு வடக்கே நான் நினைத்த மாதிரியே ஒரு கொறங்காடு அகப்பட்டது. ஆனால் வேலி வாசலில் முள் தட்டி, அதாவது படல், சாத்தியிருந்தது. புல் வேர் பிடிப்பதற்காகக் காட்டை ஆற விட்டிருந்தார்கள். மழை பெய்து புல் எழும்பும்வரை மாட்டையே உள்ளே விடமாட்டார்கள், என்னையா விடுவார்கள்? வேலியோ என் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரம்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு எண்ணெய் மில்லின் கொப்பரைக் களம் இருந்தது. பெரிய சிமென்ட் தளம், அதில் உடைத்த தேங்காய்ப் பருப்பு வெள்ளையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் குடோன். அதன் காங்கிரீட் கூரையில் ஏறினால் வேலியைத் தாண்டிக் கொறங்காடு முழுக்கத் தெரியும். அதுவும் வடக்குப் பார்த்து. மாலை வெயில் இடது கைப் பக்கமிருந்து வரும். மோட்டாருக்கு நான் லைட் வைக்கிற அதே இடம்!

களத்தில் ருக்குமணி அக்காதான் மேஸ்திரி. பெண்கள் அத்தனை பேருக்கும் அவர் சொன்னதுதான் சட்டம்.

"ஏறிக்கங் அம்மணி. கூரைய நாங்க ஒண்ணும் தூக்கிட்டுப் போகப் போறதில்லீங்க" என்றார். "ஆனா ஒண்ணுங்க. மழ வந்தா களத்துல ஆரு இருந்தாலும் எறங்கி வந்து தார்ப்பாய்ல கை வெக்கோணும். மொதலாளி வந்திருந்தாலுஞ் செரி, கலெக்டரே வந்திருந்தாலுஞ் செரி. பருப்பு நனஞ்சா பூசணம் பூத்துப்போகும். அப்பறம் எண்ணெய் நாறும்."

"கட்டாயமுங்க்கா" என்றேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மழையாவது வருவதாவது என்று நினைத்தேன்.

கூட வந்தது பஷீர் பாய். உக்கடத்தில் பெரிய கேன்வாஸ் பிரிண்ட் போடுகிறவர். என் படங்களை நான் நம்புவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறவர். முப்பது அடிச் சுவருக்கு ஒரே ஷாட் காணாது. ட்ரைபாடில் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஓவர்லாப் ஆகிற மாதிரி வரிசையாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் தைக்க வேண்டும். ஸ்டிட்சிங் என்போம். அதற்குக் காட்சி அசையாமல் நிற்க வேண்டும்.

காங்கேயத்தில் எது அசையாமல் நின்றது? பாலக்காட்டுக் கணவாயில் புறப்பட்ட காற்று நேராக எங்கள்மேல் வந்து இறங்கியது. மரத்தைப் பிடித்து ஆட்டியது. புழுதியைக் கிளப்பித் தூரத்தையெல்லாம் மோர்க் கலரில் மறைத்தது. ட்ரைபாடை அசையாமல் நிறுத்தப் பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுபோய் அதன் காலில் கட்டினேன். ட்ரைபாட் நின்றுவிட்டது. மரத்தின் காலில் என்னத்தைக் கட்டுவது?

தைத்துப் பார்த்தால், அடுத்தடுத்த ஃபிரேமில் கிளை வேறு வேறு இடத்தில் இருந்தது.

"மேடம், இந்த மரத்துக்கு ரெண்டு தலை இருக்குதுங்க" என்றார் பஷீர் பாய், ஸ்கிரீனைப் பார்த்து. "அந்த மரத்துக்குக் கழுத்தே இல்லீங்க. ஆபரேசன் முடிஞ்சு வெளிய வாரவர், அய்யோ கண்ணு இன்னும் செரியாகலைன்னு திரும்ப உள்ள போயிருவாருங்க."

போனோம், வந்தோம். மறுபடி போனோம். பொழுது சாயப் போய், இருட்டியதும் வெறும் கையோடு திரும்புவதே வழக்கமாகிவிட்டது. சித்திரை முடியப் போனது. ஆஸ்பத்திரி டிசைனர் போன் போட்டு, "படகு ஃபைல பிரிண்டுக்கு ரெடி பண்ணிடட்டுங்களா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

4. எறங்குங் அம்மணி!

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே புழுக்கம். பொழுது சாயும் நேரத்தில் வடகிழக்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. மேலே ஏறி நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். வானம் கரும்பலகை மாதிரி. அதற்கு முன்னால் வெயில் பட்ட வெள்வேல மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்துகொண்டு நின்றன. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. லென்ஸை மாட்டினேன். எக்ஸ்போஷர் பார்த்தேன். ஃபோகஸைப் பூட்டினேன். ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

கீழே இருந்து ருக்குமணி அக்கா குரல் கொடுத்தார். "மழ வருது! எல்லாரும் வாங்க! எறங்குங் அம்மணி!"

சத்தியமாகச் சொல்கிறேன், காது கேளாத மாதிரி இருந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அந்த வெளிச்சம் இருக்கப்போவது சில நிமிஷம். கீழே பார்த்தேன். களம் நிறையப் பருப்பு. பெண்கள் பலகை போட்டு இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பஷீர் பாய் என் முகத்தையே பார்த்தார்.

"வாக்குக் குடுத்தீங்களே மேடம்" என்றார் மெதுவாக.

கேமராமேல் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக் கட்டிவிட்டு, படியில் தடதடவென்று இறங்கினேன். வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. நான் திட்டியது மழையையா, ருக்குமணி அக்காவையா, என்னையேயா என்று இன்றைக்கும் தெரியாது.

காற்று வந்து அடித்தது பாருங்கள், தார்ப்பாய் எங்கள் எல்லாரையும் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு பக்கம் நாங்கள், ஒரு பக்கம் காற்று. "அக்கட்ட புடிங்! இக்கட்ட இழுங்!" என்று ருக்குமணி அக்கா கத்திக்கொண்டே ஓடினார். பஷீர் பாய் தார்ப்பாயின் விளிம்புமேல் அப்படியே படுத்துவிட்டார். குடோன் பக்கத்து மூலையைக் காட்டி, "அம்மணி, அந்தக் கவுத்த வளையத்துல முடிஞ்சுபோடுங்க!" என்று அக்கா சொல்ல, எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டேன். கடைசி மூலையை இழுத்துக் கட்டவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

குடோன் வாசலில் எல்லாரும் ஒண்டிக்கொண்டு நின்றோம். பெண்கள் சிரித்துக்கொண்டு முந்தானையைப் பிழிந்தார்கள். ஒரு பருப்புக்கூட நனையவில்லை என்ற சந்தோஷம் அவர்களுக்கு. எனக்கு அழுகை வந்தது. மழைத் தண்ணீர் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெளிச்சம் போயிற்று, சுவர் போயிற்று, படகு வந்தாயிற்று என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மழை வந்த வேகத்திலேயே நின்றது. ருக்குமணி அக்கா வெளியே எட்டி மேற்கே பார்த்தார். மேகத்துக்கு அடியில் ஒரு கீற்று திறந்து, அதில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"போங் அம்மணி" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "எங்க சோலி முடிஞ்சுது. இனி உங்க சோலி."

ஏறினேன். ஏறியதும் முதலில் எனக்குத் தெரிந்தது சத்தம்தான். சத்தமே இல்லை. காற்று நின்றுபோயிருந்தது! ஓர் இலைகூட ஆடவில்லை. புழுதி முழுக்கக் கழுவி இறங்கிவிட்டது. இத்தனை நாளும் மோர்க் கலரில் ஒன்றுமில்லாமல் கிடந்த தூரத்தில், சென்னிமலை நீலமாக எழுந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கூரையிலிருந்து அது கண்ணுக்கு எட்டும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. செம்மண் நனைந்து நிறம் ஏறியிருந்தது. ஈரமான மரப்பட்டைகளில் வெயில் பட்டுப் பித்தளை மாதிரி மின்னியது. பின்னால் மேகம் இன்னும் கறுப்பாகவே நின்றது. வானவில் மட்டும் வரவில்லை. நல்லவேளை, வந்திருந்தால் காலண்டர் ஆகியிருக்கும்.

முன்னால் பார்த்த வெளிச்சம் நல்ல வெளிச்சம்தான். ஆனால் அதில் காற்றும் இருந்தது, புழுதியும் இருந்தது. அப்போது எடுத்திருந்தால் ரெண்டு தலை மரம்தான் கிடைத்திருக்கும். அழுகையெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கவரை உருவினேன். லென்ஸ்மேல் இருந்த போலரைசர் கண்ணாடியைத் திருப்பி ஈரத்தின் மினுமினுப்பை வேண்டிய அளவுக்கு வைத்துக்கொண்டேன். மேற்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு ஃபிரேமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிழக்குக் கோடிவரை எடுத்தேன். திரும்பவும் முதலிலிருந்து ஒரு தரம். கீழ் மூலையில் களத்துத் தார்ப்பாயின் நீலம் ஒரு ஓரம் உள்ளே வந்தது. கேமராவைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் போயிருக்கும். தூக்க மனசு வரவில்லை.

வெளிச்சம் அணைந்ததும் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "பாய், கெடச்சிருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போன டவுன் பஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

5. சேர்மன் நடந்து பார்த்தார்

பஷீர் பாய் முழு அளவில் டெஸ்ட் பிரிண்ட் போட்டு, நேராக அந்தச் சுவரிலேயே தொங்கவிட்டார். சேர்மன் வந்தார். பின்னால் டிசைனர், கையில் படகோடு.

சேர்மன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார்.

டிசைனர்தான் ஆரம்பித்தார். "சார், கொஞ்சம் காலியா தெரியுதுங்க. நடுவுல ஒரு காங்கேயம் காளைய வெச்சு ஒட்டீரலாமுங்களா? ஊர் அடையாளமாவும் இருக்குமுங்க."

"படல் சாத்தியிருக்குது பாத்தீங்களா?" என்று சேர்மன் படத்தின் ஓரத்தைக் காட்டினார். "காடு ஆறிக்கிட்டிருக்குதுங்க. அதுக்குள்ளார எப்படிங்க மாடு வரும்? இந்தப் பக்கத்துச் சனம் பாத்தா, மாட்ட உள்ள உட்டது எவன்டானு கேக்குமுங்க!"

"அப்ப இந்த நீலத் தார்ப்பாயவாவது அழிச்சரலாமுங்க. கண்ண உறுத்துதுங்க."

"அது இருக்கோணுங்க" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் பலமாகக் கேட்டது.

சேர்மன் என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "கொப்பரக் களமுங்களா? மழைக்கு மூடியிருக்குது." பிறகு படத்துக்குக் கிட்டப் போய் நின்று, மெதுவாக, "மழ இப்பத்தான் நின்னிருக்குது. காத்துங்கூட நின்னுபோச்சு. மண் வாசமே அடிக்குதுங் அம்மணி" என்றார். கண் கலங்கியிருந்தது.

டிசைனர் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அந்தச் சுவிட்சர்லாந்த ஒரு மாசமா மேச மேல வெச்சுப் பாத்தேனுங்க. அதுல ஒரு மரத்துப் பேருகூட எனக்குத் தெரியல. இதுல எனக்குத் தெரியாத மரமே இல்லீங்க. படகு வேண்டாம். சுருட்டி வெச்சுப்போடுங்க."

பஷீர் பாய் என்னைப் பார்த்தார். நான் பஷீர் பாயைப் பார்த்தேன். வெளியே வந்து பார்க்கிங்கில் ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கையைத் தட்டிக்கொண்டோம்.

6. மூலையில் ஒரு முடிச்சு

திறப்பு விழாவுக்குக் களத்துப் பெண்களை நானே அழைத்திருந்தேன். மில் டெம்போவில் பட்டுச் சேலையும் பூவுமாக வந்து இறங்கினார்கள். சுவருக்கு முன்னால் கூட்டம் விலகவே இல்லை. ஒருத்தர் மரத்தின் பேரைச் சொல்ல, ஒருத்தர் அது யார் காடு என்று சொல்ல, இன்னொருத்தர் இல்லை என்று சண்டைக்குப் போக, செல்ஃபி எடுப்பவர்கள் ஒரு பக்கம். என் படத்தைப் பார்த்து இதுல என்னங்க இருக்குது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன். ஏன் நிற்கக்கூடாது?

கேமரா பையோடு வரும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. லென்ஸ், போலரைசர், ஸ்டிட்சிங் எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும். எந்த இடத்தில் நின்று படம் எடுக்கிறீர்களோ, அந்த இடத்து வேலை உங்களைக் கூப்பிட்டால் கேமராவை மூடிவைத்துவிட்டுப் போங்கள். நான் நல்லவள் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு போனவள். போனதால்தான் காற்று நிற்கும்வரை காத்திருந்தேன். கூரையிலேயே இருந்திருந்தால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு, நனைந்த கேமராவோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

ருக்குமணி அக்கா மட்டும் மரத்தையும் மலையையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரின் கீழ் மூலைக்குப் போய்க் குனிந்தார். அங்கே நீலத் தார்ப்பாயின் ஓரத்தில், வளையத்தில் கட்டிய கயிற்றின் முடிச்சு தேங்காய் அளவுக்குப் பெரிசாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இது நீங்க போட்ட முடிச்சுத்தானுங் அம்மணி?"

"ஆமாங்க்கா."

"லூசா இருக்குது பாருங்க. இன்னுங் கொஞ்சம் மழ பேஞ்சிருந்தா அவுந்திருக்கும்."

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிலக்காட்சிப் படத்தில் எடுத்தவர் இருக்கமாட்டார். அது இந்தத் தொழிலின் வழக்கம். இதில் நான் இருக்கிறேன். இடது கீழ் மூலையில், ஒரு லூசான முடிச்சாக. அதைச் சரிசெய்து தரட்டுமா என்று பஷீர் பாய் கேட்டார். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.